அலமாரிமேல் கிடக்கும் கித்தாருக்கு வயதென்ன?



கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாலிபத்தில் தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர். காலமாகி ஓராண்டு ஆகிறது. அலமாரிமேல் பெட்டியோடு கிடந்த அவருடைய மின் கித்தாரைப் பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் பார்த்திருக்கிறார். "பழைய சாமான், இதில் பாட்டு வராது, 300 வெள்ளி தருகிறேன்" என்றாராம். மறுவாரமே வந்து 500 வெள்ளி என்றாராம். தம்பியோ, "விற்க வேண்டாம் அக்கா, நல்ல சிவப்புச் சாயம் அடித்து நானே வைத்துக்கொள்கிறேன்" என்கிறானாம். கித்தாரின் தலையில் ‘ஃபெண்டர்’ என்று எழுதியிருக்கிறது. "இது எந்தக் காலத்தது, ஐயா? விற்பதா, வைத்துக்கொள்வதா?" என்பது சகோதரியின் கேள்வி.

பாட்டு வராத சாமானுக்கு ஒரே வாரத்தில் 200 வெள்ளியை ஏற்றுகிறவர் எதையோ கண்டிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். அவர் கண்டதை நாமும் காணக் கற்றுக்கொண்டால் என்ன? அதுவரை சகோதரிக்கு என் பதில்: விற்கவும் வேண்டாம், சாயமும் வேண்டாம். அந்தத் தம்பியின் கையிலிருந்து தூரிகையை முதலில் வாங்கி வையுங்கள்!

இதுபோன்ற கித்தார்கள் வேறு வீடுகளிலும் கிடக்கக்கூடும். 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷாடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூர் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் வாசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கித்தார்க் குழுக்கள் காளான்போல் முளைத்தன. அந்த மோகம் தோட்டங்களையும் விடவில்லை. ஆனால் அமெரிக்கக் கித்தார் ஏழைக்கு எட்டிய பண்டம் அல்ல. ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ 1954-இல் வெளிவந்தபோது அதன் விலை 249 டாலர் 50 காசு. அன்றைய மலாயா வெள்ளியில் 750-க்கும் மேல். ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். ஆகவே தலையில் அமெரிக்கப் பெயர் இருப்பதைக் கண்டு உடனே துள்ளிக் குதிக்கவும் கூடாது, "நம்மவரிடம் எப்படி இருக்கும்?" என்று தள்ளிவிடவும் கூடாது. கித்தாரையே கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? பால்மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் எண் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுபவமுள்ள வெட்டுக்காரர் பட்டையைப் பார்த்தே இது கன்னிப்பட்டையா, ஒருமுறை வெட்டியபின் மறுபடி வளர்ந்த பட்டையா என்று சொல்லிவிடுவார். கித்தாருக்கும் அப்படிப் பட்டை உண்டு. அதைச் செய்த ஆலை எந்த ஆண்டில் எந்த வேலையை எப்படி மாற்றியது என்று தெரிந்தால் போதும்.

பெயரைக் கடைசியில் பாருங்கள். தலையில் உள்ள எழுத்து பெரும்பாலும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஒட்டுப்படம்தான். ஒட்டியதை உரிக்கலாம், வேறொன்றை ஒட்டலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1950-இல் ஃபெண்டர் தன் கித்தார் ஒன்றுக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயர் வைத்தது. கிரெட்ச் என்ற நிறுவனம், "எங்கள் டிரம்முக்கு ஏற்கெனவே இந்தப் பெயர் இருக்கிறது" என்று ஆட்சேபித்தது. 1951-இன் தொடக்கத்தில் ஃபெண்டர் ஆலையார் ஒட்டுப்படத்தில் இருந்த ‘பிராட்காஸ்டர்’ என்ற பகுதியைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டி அனுப்பினார்கள். அந்த ஆண்டிலேயே ‘டெலிகாஸ்டர்’ என்ற புதுப்பெயர் வந்துவிட்டது. இடையில் சில மாதம் பெயரில்லாமல் போன அந்தக் கித்தார்களைத்தான் இன்று சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். பெயர் இல்லாததே அதற்குப் பெருமை!

சகோதரியின் கேள்வி ஃபெண்டரைப் பற்றியது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லியோ ஃபெண்டர் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாது. பழுதுபார்ப்பவர் புத்தியோடுதான் கித்தாரையும் செய்தார். கழுத்து வேறு, உடல் வேறு. இரண்டையும் திருகாணியால் பூட்டிவிட்டார். கழற்றி மாட்டச் சுலபம். வயது கண்டுபிடிக்க வருகிற நமக்கும் அது வசதி. ஏமாற்ற நினைப்பவனுக்கும் அதே வசதிதான், மறந்துவிடாதீர்கள்.

கித்தாரைக் கவிழ்த்துப் பாருங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதில் எத்தனை திருகாணி? ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குத் தொடக்கத்திலிருந்து நான்கு. 1971-இல் மூன்றாக்கினார்கள். சுமார் பத்தாண்டு கழித்துத் திரும்பவும் நான்குக்கே வந்தார்கள். அடுத்து, தலையின் அளவு. லியோ ஃபெண்டர் தன் ஆலையை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அந்த ஆண்டின் கடைசியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பெரிதாகிவிட்டது. சிறிய தலை, நான்கு திருகாணி என்றால் ஒன்று 1965-க்கு முந்தியது அல்லது 1980-களிலும் பிறகும் செய்தது. பெரிய தலை, நான்கு திருகாணி என்றால் 1965 கடைசி முதல் 1971 வரையிலான இடைக்காலம் என்று எண்ணத் தொடங்கலாம். பெரிய தலை, மூன்று திருகாணி என்றால் 1970-கள். ஒரு கருவியும் கையில் இல்லாமல் இவ்வளவு தெரிந்துகொண்டோம். முடிவு கட்டிவிடாதீர்கள், பிற்காலத்தில் பழைய பாணியில் செய்தவையும் ஏராளம்.

அந்தத் தகட்டில் எண்ணும் இருக்கலாம். எண்ணுக்கு முன் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1962 கடைசி முதல் 1965 வரையிலான தகடு. எண்ணுக்குக் கீழே பெரிய ‘எஃப்’ பொறித்திருந்தால் 1965 முதல் 1976 வரை. 1976-இல் எண் தகட்டை விட்டுத் தலைக்கு ஏறிவிட்டது. ‘எஸ்’ எழுத்துக்கு அடுத்து 7 என்றால் 1977-ஐ ஒட்டியது, ‘இ’ எழுத்துக்கு அடுத்து 1 என்றால் 1981-ஐ ஒட்டியது. "ஒட்டியது" என்றுதான் சொல்கிறேன். ஒட்டுப்படங்களை முன்கூட்டியே அச்சடித்து வைத்து அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உபயோகித்தார்கள். ‘இ 4’ என்று 1984-க்கு அச்சடித்தவை 1987 வரை ஓடின. தகடோ நான்கு திருகாணியில் நிற்கிற பொருள். ஒரு கித்தாரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். பள்ளியில் பிள்ளை சேர்க்கும் நாளில் பிறப்புப் பத்திரத்தைப் பார்ப்போம். பார்த்துவிட்டுப் பிள்ளையின் பல்லையும் ஒரு பார்வை பார்ப்போம் அல்லவா? எண் வெறும் பத்திரம். இனிமேல்தான் பல்லைப் பார்க்க வேண்டும்.

விரல் பதிக்கும் பலகையைப் பாருங்கள். 1954 முதல் 1959 வரை ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குத் தனிப்பலகை கிடையாது; கழுத்து முழுவதும் வெளிர்நிற மேப்பிள் மரம், ஒரே துண்டு. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைப் பின்பக்கமாகச் செலுத்திவிட்டு அந்தப் பள்ளத்தைக் கரிய மரப்பட்டியால் அடைத்திருப்பார்கள். 1959-இல் ரோஸ்வுட் என்னும் ஈட்டிமர இனத்துப் பலகை வந்தது. முதலில் அது தடித்த பலகை. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். 1962 நடுவிலிருந்து மெல்லியதாகி வளைந்த மேப்பிளின்மேல் வளைவாகவே ஒட்டப்பட்டது. கழுத்தின் முனையை நேராகப் பார்த்தால், இரண்டு மரமும் சேரும் கோடு நேராக இருக்கிறதா வில்போல் வளைந்திருக்கிறதா என்று தெரியும். இதை யாரும் திருகாணி முடுக்கி மாற்ற முடியாது. பலகைமேல் உள்ள வட்டப்புள்ளிகளையும் கவனியுங்கள். 1959 முதல் 1964 வரை மங்கிய களிமண் நிறம். அதன் பிறகு முத்துச்சிப்பிபோல் பளபளப்பு.

தந்திகளுக்கு அடியில் உடலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டுக்கு 1959 வரை 8 திருகாணி, ஒற்றை அடுக்கு. பிறகு 11 திருகாணி, மூன்று அடுக்கு. 1960-களின் முற்பகுதித் தகடு செல்லுலாய்டால் ஆனது. வெள்ளையாகப் பிறந்து, காலப்போக்கில் இளம்பச்சை படர்ந்து, சுருங்கி ஓரத்தில் வெடிப்பும் விடும். தகட்டை மாற்றலாம், ஆனால் அதன்கீழ் மரத்தில் உள்ள துளைகளை மாற்ற முடியாது. இன்று 11 திருகாணித் தகடு மாட்டியிருக்கும். கழற்றினால் உள்ளே பழைய 8 துளையின் தடமும் தெரியும். அப்படியானால் பிற்காலத்தில் யாரோ தகடு மாற்றியிருக்கிறார் என்று பொருள்.

இனி உள்ளே போகலாம். ஒலிபெருக்கியிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு, தந்திகளைத் தளர்த்திவிட்டு, சரியான அளவுள்ள திருப்புளியோடு உட்காருங்கள். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று காகிதத்தில் படம் வரைந்து அதன்மேலேயே அடுக்கி வையுங்கள். கழுத்தைக் கழற்றினால் அதன் அடிக்கட்டையில் பென்சிலால் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கலாம். 1962 முதல் பென்சிலுக்குப் பதில் மை முத்திரை. அந்த முத்திரையின் கடைசியில் ‘பி’ என்று இருப்பதைக் கண்டு "இரண்டாம் தரம் போலிருக்கிறது" என்று மனம் தளர வேண்டாம். கழுத்தின் அகலத்தைக் குறிக்கும் எழுத்து அது. ‘ஏ’ ஒடுக்கம், ‘பி’ வழக்கமான அகலம், ‘சி’, ‘டி’ அதைவிட அகலம்.

பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பினால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் வட்டமான சிறு உலோகப் பெட்டிகள் தெரியும். வானொலி பழுதுபார்க்கிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த பொருள். அதன் முதுகிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் எண் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். அமெரிக்க மின்கருவித் தொழிலில் இந்த எண்ணுக்கு ஒரு பொதுமுறை உண்டு: முதல் மூன்று இலக்கம் பெட்டியைச் செய்த நிறுவனம், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 3046631 என்றிருந்தால், 304 என்பது ஸ்டேக்போல் நிறுவனம், 66 என்பது 1966, 31 என்பது அந்த ஆண்டின் 31-ஆம் வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம். 1950-களில் ஆண்டுக்கு ஓர் இலக்கம்தான் போட்டார்கள்.

இதைக் கண்டதும் கித்தார் 1966-இல் பிறந்தது என்று சொல்லிவிடலாமா? கூடாது. 1966-இன் அந்த வாரத்துக்கு முன் அது பிறந்திருக்க முடியாது என்பது மட்டுமே உண்மை. ஃபெண்டர் ஆலை 1966-இல் இந்தப் பெட்டிகளைக் குவியலாக வாங்கி வைத்து 1969 வரையிலும் உபயோகித்தது. ஆக, கழுத்தில் ஒரு தேதி, பெட்டியில் ஒரு தேதி, தகட்டில் ஒரு காலம் என்று மூன்று கிடைத்தால், எல்லாவற்றிலும் இளையது எதுவோ அதைவிடக் கித்தார் மூத்ததாக இருக்க முடியாது. மூன்றும் சில மாத, ஆண்டு வித்தியாசத்தில் பக்கம் பக்கமாக நின்றால் அது கலப்பில்லாத கித்தார். ஒன்று 1964, இன்னொன்று 1978 என்றால் இரண்டு கித்தார்களைக் கூட்டிச் செய்த சோறு.

ஈயப்பற்று வைத்த இடங்களை மட்டும் தொடாதீர்கள். ஆலையில் வைத்த பற்று கலையாமல் இருப்பதே பெரிய சாட்சி. கலைத்துவிட்டுத் திரும்ப வைத்தால் பழகியவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

வேறு சிலருடைய வீட்டில் ‘கிப்சன்’ என்ற பெயர் இருக்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ நகரத்து ஆலை அது. கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். பின்பக்கம் தகடும் திருகாணியும் இருக்காது. கிப்சன் பெயரோடு கழுத்துத் திருகாணியில் பூட்டிய ‘லெஸ் பால்’ வடிவக் கித்தார் வந்தால் அநேகமாக யாரோ வேஷம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தலையிலுள்ள மணி வடிவச் சின்ன மூடியையும் பாருங்கள். உண்மையான கிப்சனில் இரண்டு திருகாணி. போலிகளில் பலவற்றில் மூன்று. தலையின் பின்பக்கம் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று அழுத்திப் பதித்திருந்தால் அது 1970-க்குப் பிந்தியது. 1977 முதல் 8 இலக்க எண். முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு, நடுவிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் நாள். 71238045 என்றால் 1978-ஆம் ஆண்டின் 123-ஆம் நாள், அதாவது மே 3. கடைசி மூன்று இலக்கம் 500-க்குக் குறைவாக இருப்பதால், அந்த நாளில் அது கலமாசூவில் செய்தது. 500-ம் அதற்கு மேலும் என்றால் நாஷ்வில் ஆலை. இவ்வளவு ஒழுங்கான கிப்சன் 1960-களில் ஒரே எண்ணைப் பல கித்தார்களுக்குக் கொடுத்துக் குழப்பி வைத்ததும் உண்மை. அந்தக் காலத்துக்கு எண்ணை நம்பிப் பயனில்லை.

கிப்சனின் காந்தச்சுருளின் அடியிலும் ஒரு கதை இருக்கிறது. இரைச்சலைக் கொல்லும் இரட்டைச் சுருளை சேத் லவர் என்பவர் கண்டுபிடித்தார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம். 1957 முதல் கித்தார்களில் ஏறியது. அதன் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் கறுப்புச் சீட்டு ஒட்டினார்கள். 1959-இல் உரிமை கிடைத்த பிறகும் 1962 வரை அதே சீட்டுதான். பிறகு எண் போட்ட சீட்டு வந்தது. அந்த எண்ணோ இந்தச் சுருளுக்கு உரியதே அல்ல, லெஸ் பால் பெயரில் பதிவான தந்திப்பிடிக்கு உரியது! வேண்டுமென்றே செய்தார்களோ, கவனக்குறைவோ, அந்தத் தவறான எண்ணே இன்று உண்மைக்கு அடையாளமாக இருக்கிறது.

ஜப்பானியக் கித்தார்களைப் பலர் ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1960-களின் ‘டெய்ஸ்கோ’ கித்தார்களில் எண் உதவாது. சுவிட்சுகளின் வரிசை, கோடுபோட்ட உலோகத் தகடு, தலையில் நான்கும் இரண்டுமாகப் பிரிந்த முடுக்காணிகள் இவற்றைக் கொண்டுதான் காலம் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தைக் கவாய் 1967-இல் வாங்கியது. ‘இபனெஸ்’ என்றால் வேலை சுலபம். 1975-இன் பிற்பகுதியிலிருந்து எண்ணுக்கு முன் ஓர் எழுத்து: ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். ‘எஃப் 78’ என்று தொடங்கினால் 1978 ஜூன். கிப்சனை அச்சாக நகல் எடுத்ததற்காக 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்தக் காலத்து நகல்களை அந்த வழக்கின் பெயரைச் சொல்லியே இன்று தேடுகிறார்கள். 1982 முதல் ஃபெண்டரே மாட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் ஆலையில் கித்தார் செய்வித்தது. ‘ஜே.வி.’ என்று தொடங்கும் அந்த எண்ணைச் சகோதரி தன் கித்தாரில் கண்டாலும் முகம் வாடத் தேவையில்லை.

கீறலும் வெடிப்பும் நிறைந்திருந்தால் பழையது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல் புதுக் கித்தாரைத் தேய்த்துக் கீறிப் பழையதுபோல் ஆக்கி விற்றுவருகிறது. நம்பத்தக்கது வேறொன்று. கள்ள நோட்டுப் பார்க்கக் கடையில் வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் கித்தார்மேல் பிடியுங்கள். பழைய நைட்ரோ வார்னீஷ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் பூசிய இடம் திட்டாக வேறு நிறம் காட்டும். இப்படி மறுபூச்சு கண்டால் வணிகர்கள் பாதி விலையைக் கழித்துவிடுவது வழக்கம். தம்பியின் சிவப்புச் சாயத்தை ஏன் தடுத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும். துருப்பிடித்த திருகாணியையும் பளபளப்பானதாக மாற்ற வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமானால் கழற்றியதை உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

பெட்டி என்றதும் நினைவு வருகிறது. கரையான் அரித்தது என்று பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் உறைக்குள் தவணைக் கடைச் சீட்டு, தந்தி வாங்கிய ரசீது, கச்சேரி நோட்டீசு ஏதாவது கிடக்கலாம். வீட்டுப் படப்பெட்டியையும் கவிழ்த்துப் பாருங்கள். கோயில் திருவிழா மேடையிலோ கலியாணத்திலோ தகப்பனார் அந்தக் கித்தாரோடு நிற்கும் படம் ஒன்று கிடைத்தால், பின்பக்கத்தில் படக்கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, படத்திலுள்ள கித்தாரின் தலை பெரியதா சிறியதா, தகட்டைச் சுற்றி எத்தனை திருகாணி, உடலில் தெரியும் மரவரி கையிலுள்ள கித்தாரின் வரியோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதுங்கள். பட்டணத்துக்காரர் மூன்றாம் முறை வரும்போது அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசலாம்.